கதிரை வடிக்கும் வண்ணத்தாள்

கீரிமலைக் கேணியிலே காலைக் கதிர் பட்டு நீர் மின்னுவதை, நீராட வருவோர் அறிவர். அக்கதிரை வீட்டுச் சாளரத்திலே பல நிறமாகக் காண்பதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பட்டம் கட்டும் மெல்லிய வண்ணத்தாள், தென்னை ஈர்க்கு, நூல், கோதுமைமாப் பசை ஆகியவை போதும்.

ஈர்க்குகளை நூலால் அறுகோணமாகக் கட்டிக் குறுக்கு ஈர்க்குகளால் பகுதிகளாகப் பிரித்தல் வேண்டும். பின்னர், பகுதிக்கொரு நிறமாகத் தாளை வெட்டி ஒட்டுதல் வேண்டும். தாள் தடிப்பாயின், பசை காய்ந்தபின் தேங்காயெண்ணெய் சிறிது பூசலாம். தாளின் நார்களுக்கிடையே உள்ள காற்றிடைவெளிகள் ஒளியைச் சிதறச் செய்கின்றன. எண்ணெய் அவற்றை நிரப்பும்போது சிதறல் குறைந்து ஒளி ஊடுருவுகிறது.

தாள் நிறத்தைப் படைப்பதில்லை. வெண்ணொளியில் ஒரு பகுதியை உறிஞ்சி, எஞ்சியதையே வெளிவிடுகிறது. ஆகவேதான் நீலத்தாளின்மேல் மஞ்சள்தாள் கவியுமிடத்தில் பச்சை தோன்றுகிறது.

இத்தாளைக் கண்முன் பிடித்துச் சூரியனையே நோக்கச் சிறுவர் விழைவர். கிரகண நாளில் அவ்வாவல் மிகும். யாழ்ப்பாணத்தில் 2010 ஜனவரி 15 இலும் 2019 டிசம்பர் 26 இலும் கங்கண கிரகணம் தெரிந்தது. எந்நாளிலும் அவ்வாறு நோக்கலாகாது. தாள் கண்கூச்சத்தைக் குறைக்குமேயன்றி, கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர்களைத் தடுக்காது. விழித்திரைக்கு வலியுணர்வு இன்மையால், அது கருகுவதும் அப்போது தெரியாது.

வண்ணத்தாளுக்குரிய இடம் சாளரமே. அதன் அழகைத் தரையிலே விழும் ஒளியிற் காண்பதே முறை.