வீடு பார்க்குமுன் பாதையைப் பாருங்கள்

தோட்ட வேலையை விட்டுப் பினாங்குத் தொழிற்சாலைக்குப் போகும் தோழர்கள் முதலில் கேட்பது, "வாடகை எவ்வளவு?" என்பதே. கேட்க வேண்டியதுதான். ஆனால் சைக்கிளில் வேலைக்குப் போக நினைப்பவர், "அங்கிருந்து பாதை எப்படி?" என்றும் கேட்கணும்.

ஜெலுத்தோங்கை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே இருக்கிறது. 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை அதற்கும் தெற்கே. பெரும்பாலும் சமதரை, மேடேறி மூச்சு வாங்க வேண்டியதில்லை. கடலோரத்தில் சைக்கிள் பாதையும் உண்டு. ஆனால் பக்கத்திலேயே துன் டாக்டர் லிம் சொங் இயூ நெடுஞ்சாலை. லோரிகள் பறக்கும் அந்தச் சாலையில் சைக்கிளை இறக்கவே கூடாது. ஆகவே ஒரே ஊரில் ஒரு வீடு நல்லதாகவும், இன்னொன்று ஆபத்தாகவும் இருக்கலாம்.

எப்படித் தெரிந்துகொள்வது? முன்பணம் கட்டுமுன் ஒரு நாள், உங்கள் ஷிப்ட் நேரத்திலேயே சைக்கிளில் போய் வாருங்கள். இவற்றைக் கவனியுங்கள்:

1. பெரிய சாலையைக் கடக்க விளக்கோ மேம்பாலமோ உண்டா?

2. உள்சாலை வழியாகவே போக முடியுமா?

3. இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும்போது தெருவிளக்கு எரிகிறதா?

4. மழையில் தண்ணீர் தேங்கிக் குழியும் கால்வாயும் மறைந்துவிடுமா? அக்கம்பக்கத்தாரைக் கேளுங்கள்.

5. அடுக்குமாடி வீடானால் சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் உண்டா?

பாதை நல்லதானால் உடம்புக்கும் நல்லது. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். போக 15, வர 15 நிமிடம். ஐந்து நாளில் கணக்குச் சரி! இனிப்புநீர், இரத்த அழுத்தம் இரண்டையும் அடக்க இது உதவும். மருந்து சாப்பிடுபவர் மட்டும் டாக்டரைக் கேட்டுத் தொடங்கட்டும்.

சாலையில் முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, தலையில் கவசம் வேண்டும். திரும்பப் போகும் லோரியின் இடப்பக்கம் நிற்காதீர்கள். ஓட்டுநருக்குக் கண் தெரியாத இடம் அது.

இன்னொன்று. 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டப்படி, வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் நடக்கும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. சொந்தக் காரியமாக வழி மாறிப் போனால் அது கிடைக்காமல் போகலாம். அடிபட்டால் உடனே சிகிச்சை பெறுங்கள். போலீசில் புகார் செய்து, முதலாளிக்கும் தெரிவியுங்கள்.

இருபது வெள்ளி வாடகை குறைவு என்பதற்காக, குடும்பம் நம்பியிருக்கும் உயிரைத் தினமும் பணயம் வைக்க வேண்டாம், தோழர்களே!