வீட்டில் ஸ்பானியம், பாடசாலையில் ஆங்கிலம்

ஐக்கிய அமெரிக்காவில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக அதிகமான வீடுகளில் பேசப்படும் மொழி ஸ்பானியமாகும். அவ்வீடுகளில் பிறந்த பிள்ளைகளுள் பலர் பாடசாலைக்குச் சென்ற பின்னரே ஆங்கிலத்தை முறையாகக் கற்கத் தொடங்குகின்றனர். அவர்களுக்கு அம்மொழியை எவ்வாறு கற்பிப்பது என்ற வினா வகுப்பறையைக் கடந்து நீதிமன்றம் வரையும், வாக்குச்சாவடி வரையும் சென்றிருக்கின்றது.

முதலில் பிள்ளையின் இடர்ப்பாட்டை நோக்குவோம். ஸ்பானியத்தில் உயிரொலிகள் ஐந்தே, எழுதியபடியே வாசிக்கலாம். ஆங்கிலத்திலோ ஓரெழுத்துக்குப் பல ஒலிகள். ஸ்பானியச் சொற்கள் 'ஸ்க', 'ஸ்ட' போன்ற கூட்டொலிகளுடன் தொடங்குவதில்லை. எனவே 'ஸ்கூல்' என்பது பிள்ளையின் நாவில் 'எஸ்கூல்' ஆகின்றது. 'இஸ்கூல்' என்று சொல்லிப் பழகிய எமக்கு இதில் வியப்பில்லை. இது அறிவுக் குறைபாடன்று. தாய்மொழியின் ஒலி ஒழுங்கே.

எனினும் நீண்டகாலம் இது குற்றமாகவே கருதப்பட்டது. டெக்சாஸ் மாநிலப் பாடசாலைகளில் ஸ்பானியம் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். அம்மாநிலத்தின் கொட்டூலாவில் 1928இல் மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த லிண்டன் ஜோன்சன், பின்னாளில் ஜனாதிபதியாகி, 1968இல் இருமொழிக் கல்விச் சட்டத்தில் கையொப்பமிட்டார். 1974இல், சன் பிரான்சிஸ்கோவின் சீன மொழி பேசும் மாணவர்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கிய தீர்ப்பை வழங்கியது. மொழி விளங்காத பிள்ளைக்கு அதே நூலையும் அதே ஆசிரியரையும் வழங்குவது மாத்திரம் சமத்துவம் ஆகாது என்பதே அதன் சாரம்.

ஆயினும் சர்ச்சை ஓயவில்லை. ஸ்பானிய வகுப்புகளில் ஆண்டுக்கணக்கில் இருந்தும் பிள்ளைகள் ஆங்கிலம் கற்கவில்லை என்று சிலர் முறையிட்டனர். ஆங்கிலம் இன்றி உயர்கல்வியும் நல்ல தொழிலும் எட்டாத நாட்டில் இம்முறைப்பாட்டைப் புறக்கணிக்க இயலாது. 1998இல் கலிபோர்னிய வாக்காளர்கள் 227ஆம் பிரேரணையை சுமார் 61 சதவீத ஆதரவுடன் நிறைவேற்றினர். அதன்படி, இப்பிள்ளைகளுக்குப் பொதுவாக ஓராண்டுக்கு மேற்படாத தீவிர ஆங்கிலப் பயிற்சி அளித்து, பின்னர் வழமையான வகுப்பில் சேர்க்க வேண்டும்.

ஓராண்டு போதுமா என்பதே கேள்வி. கல்வியியலாளர் ஜிம் கமின்ஸ் விளையாட்டு மைதான மொழியையும் பாடநூல் மொழியையும் வேறுபடுத்திக் காட்டினார். முன்னையது சுமார் இரண்டு ஆண்டுகளில் வசப்படும். பின்னையதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை தேவைப்படலாம். சரளமாகப் பேசும் பிள்ளை விஞ்ஞானப் பாடத்தில் தடுமாறும்போது, அதனை மந்தபுத்தி என எண்ணும் ஆபத்து இங்குதான் உள்ளது.

மாற்று வழியும் உண்டு. 1963இல் மயாமியின் கோரல் வே பாடசாலையில், கியூப அகதிப் பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் இரு மொழிகளிலும் சேர்ந்து கற்கும் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. அங்கே ஸ்பானியம் குறையாக அன்றிச் செல்வமாகக் கருதப்பட்டது. 2016இல் கலிபோர்னிய மக்களும் 58ஆம் பிரேரணை மூலம், சுமார் 73 சதவீத ஆதரவுடன், முன்னைய கட்டுப்பாட்டின் பெரும்பகுதியை நீக்கினர்.

2025 மார்ச்சில் ஜனாதிபதி ட்ரம்ப் ஆங்கிலத்தை உத்தியோகபூர்வ மொழியாக அறிவிக்கும் ஆணையில் கையொப்பமிட்டார். ஆணை எதுவாயினும், வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் தேவை மாறவில்லை. ஆங்கிலம் அப்பிள்ளைக்கு அவசியம். ஆனால் அதற்கு விலையாகத் தாயுடன் பேசும் மொழியைக் கேட்பது நியாயமன்று என்பதே எமது கருத்தாகும்.