பனி பார்க்கப் பள்ளத்துக்கு இறங்குவோம்

தம்பி தங்கைகளே, நம் சேவுகம்பட்டிக்கு வெளியே வயல் வரப்பில் நின்று மேற்கே பாருங்கள். வானத்தின் அடியை மறைத்துக்கொண்டு நிற்பது பழனி மலைத்தொடர். அதன் மேலேதான் கொடைக்கானல் இருக்கிறது. சினிமாவில் வரும் இமயமலை மாதிரி அங்கே பஞ்சுப் பனி கொட்டாது. ஆனால் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை போனால் புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். மிதித்தால் நறநறவென்று நொறுங்கும். அதுதான் உறைபனி.

தை 3-ஆம் நாள் நம் ஊர்ச் சோலைமலை அழகர் பெருமாள் கோவிலில் வாழைப்பழம் சூறைவிடும் திருவிழா நடக்கும் அல்லவா? அது முடிந்த கையோடு கிளம்பினால் சரியான பருவம். நாலைந்து கூட்டாளிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். துணைக்குப் பெரியவர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். சாமான்கள் அதிகம் வேண்டாம். கம்பளிக் குல்லாய், சுவெட்டர், காற்று அடைத்த சிப்ஸ் பாக்கெட், ஒரு வெப்பமானி போதும்.

வத்தலக்குண்டிலிருந்து பஸ் மலையேறத் தொடங்கியதும் அந்தப் பாக்கெட்டை மடியில் வைத்துக் கவனியுங்கள். வளைவுக்கு வளைவு உப்பிக்கொண்டே வரும். உள்ளே இருக்கும் காற்று கூடவில்லை. வெளியே அழுத்தும் காற்றுதான் குறைகிறது. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரம், கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான்.

குளிரின் ரகசியமும் இதிலேயே இருக்கிறது. "மலை உச்சி சூரியனுக்குப் பக்கம்தானே, ஏன் குளிர்கிறது?" என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். அருமையான கேள்வி. சூரியன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதில் நாம் ஏறும் இரண்டு கிலோமீட்டர் ஒரு கணக்கே இல்லை. வெயில் முதலில் தரையைச் சூடாக்குகிறது, தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே எழும்போது அழுத்தம் குறைவதால் விரிகிறது. விரியும் காற்று குளிர்ந்துபோகும். சைக்கிள் டியூபின் வால்வை அழுத்திக் காற்றை வெளியேற்றும்போது விரலில் சில்லென்று படுகிறதே, அங்கேயும் நடப்பது இதுதான். சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். நாம் ஏறுவது 1,800 மீட்டர். அப்படியானால் ஏறத்தாழ 12 டிகிரி குறைய வேண்டும். சேவுகம்பட்டியில் விடியற்காலை 20 டிகிரி என்றால் கொடைக்கானலில் 8 டிகிரி. நீர் உறைவதோ 0 டிகிரியில். கணக்கு இடிக்கிறதே! மீதி 8 டிகிரியைக் குறைத்தது யார்?

முக்கியமாகப் புல்லேதான். எந்தப் பொருளும் தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வானத்தை மூடியிருக்கும் மழைமேகம், போர்வையாக இருந்து அந்த வெப்பத்தின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மார்கழியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிகிறது. காற்றும் வீசாத இரவாக இருந்தால் போதும், புல்லின் வெப்பம் தடையின்றி வானத்துக்குப் போய்விடும். புல் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். வானிலை நிலையத்து வெப்பமானி ஓர் ஆள் மார்பளவு உயரத்தில் பெட்டிக்குள் இருப்பது. அது 4 டிகிரி காட்டும் நாளிலும் தரையில் உறைபனி படர்வது இதனால்தான். உங்கள் வெப்பமானியை முதலில் மார்பு உயரத்திலும், பிறகு புல்லின் மேலேயும் வைத்துப் பாருங்கள்.

அப்படிக் குளிர்ந்த புல்லைத் தொட்ட காற்றில் இருக்கும் நீராவி, நீராக மாறாமல் நேரே பனிக்கட்டித் துகளாக ஒட்டிக்கொள்ளும். ஆக, உறைபனி மேலிருந்து விழுவதில்லை, புல்லின் மேலேயே விளைகிறது. மேகத்துக்குள் உருவாகி விழுகிற பனி வேறு. நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்பவர்கள் ஆண்டு முழுதும் பனி தங்கும் மலையைப் பார்க்க 5,000 மீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர், அதன் உச்சியில் பனிக்கட்டி உண்டு. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான்.

இனி, நடக்க வேண்டிய வழி. பலர் உறைபனி பார்க்க உச்சிக்கு ஏறி ஏமாந்துபோகிறார்கள். குளிர்ந்த காற்று கனமானது. இரவெல்லாம் சரிவுகளில் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். கொடைக்கானல் ஏரிக்கரை, ஜிம்கானா மைதானம், மன்னவனூர்ப் புல்வெளி என்று தாழ்வான, திறந்த இடங்களில்தான் வெள்ளை விரிந்திருக்கும். ஆகவே நாம் இறங்க வேண்டும்! இறங்க இறங்கக் கன்னத்தில் குளிர் கூடுவதை நீங்களே உணர்வீர்கள்.

போகும் வழியில் சோலைக்காட்டின் ஓரத்தில் நில்லுங்கள். புல்வெளியில் உறைபனி, இரண்டடி தள்ளி மரங்களுக்குள் ஒன்றுமே இல்லை. மரக்கூரை வெப்பத்தை உள்ளே பிடித்துவைத்திருக்கிறது. புல்வெளிக்கு வந்து முளைக்கும் சோலை மரக்கன்றுகளை உறைபனி கருக்கிவிடும். புல்லோ, குருத்து தரையோடு பதுங்கி இருப்பதால் மறுபடி தழைத்துவிடும். மலையுச்சிகளில் புல்வெளியும் சோலையும் கோடு கிழித்தாற்போலப் பிரிந்திருப்பதற்கு இது ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கு இந்த மலையில் மிகவும் பிடித்த இடம் இந்தக் கோடுதான். தயவுசெய்து அங்கே பிளாஸ்டிக் எதையும் போட்டுவிடாதீர்கள், சிப்ஸ் பாக்கெட்டை ஊருக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

கேரட், உருளைக்கிழங்குத் தோட்டக்காரர்களுக்கு உறைபனி பெரும் கவலை. செடி கருகாமலிருக்க விடியுமுன் தண்ணீர் தெளிப்பார்கள். குளிருக்குக் குளிர்ந்த நீரா என்று தோன்றும். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. அது இலையைக் காப்பாற்றும்.

மலைக்குப் போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். மேகமில்லாத மார்கழி இரவில் ஓர் எவர்சில்வர் தட்டை வெட்டவெளியிலும், இன்னொன்றைத் திண்ணைக் கூரையின் கீழும் வையுங்கள். விடியுமுன் இரண்டின் மேலும் வெப்பமானியை வைத்து அளந்து, எந்தத் தட்டில் நீர் கோத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேகம் மூடிய ஓர் இரவிலும் இதையே செய்து இரண்டு குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.