வெரைட்டி ஹாலும் தரை டிக்கெட்டும்

பழைய சினிமாக் கொட்டகை ஒன்றைப் புதுப்பித்து நாடகத்துக்கும் இசைக்கும் நடனத்துக்குமான அரங்காக மாற்றிவிட்டார்கள் என்று எங்கிருந்தாவது செய்தி வரும்போதெல்லாம், கோவையில் கலை இலக்கியம் என்று திரிகிற நம்மைப் போன்றவர்களுக்கு ஓர் ஏக்கம் வந்துவிடுகிறது. நம்மூரிலும் ஒன்று இருந்ததே, இப்படிச் செய்திருக்கலாமே என்று. அந்த ஏக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 'மீட்பது' என்கிற சொல்லுக்குள் எது திரும்பி வருகிறது, எது வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கட்டிடம் திரும்பி வருகிறது. சுண்ணாம்புச் சித்திர வேலை, வளைவு, பால்கனி, தொங்கு விளக்கு எல்லாம் வருகின்றன. உள்ளே உட்கார்ந்திருந்த கூட்டம் வருகிறதா?

நம்மூரில் இருந்தது என்று நான் சொல்வது வெரைட்டி ஹாலை. 1914ல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டியது. பின்னாளில் டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறியது. தென்னிந்தியாவின் முதல் நிரந்தரக் கொட்டகை என்று பட்டம் கட்டுவது வழக்கம். எனக்கு அந்தப் பட்டத்தில் அக்கறையில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்கிற வெள்ளைக்காரர் 1913லேயே எலெக்ட்ரிக் தியேட்டரைத் திறந்துவிட்டார். அந்தக் கட்டிடம் பிறகு தபால் இலாகாவின் கைக்குப் போய் இன்றும் நிற்கிறது. வெரைட்டி ஹாலுக்கு அந்த யோகமும் இல்லை. படம் ஓடுவது நின்றுபோயிற்று. யாரும் அதைக் கலைக்கூடமாக ஆக்கவில்லை. ஒரு சாலையின் பெயராகத்தான் ஊர் வாயில் மிச்சமிருக்கிறது.

வின்சென்ட் (1883–1942) கோவையில் பிறந்தவர், திருச்சியில் ரயில்வே ஊழியர். 1905ல் டூபாண்ட் என்கிற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்ப வேண்டியதாகி, கருவியையும் படச்சுருள்களையும் விற்றார். வாங்கியவர் வின்சென்ட். ஏசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படம் அதில் முக்கியமான சரக்கு. வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு பெஷாவர் வரைக்கும் ரங்கூன் வரைக்கும் போய்வந்த மனிதர், கடைசியில் சொந்த ஊரில் சுவர் எழுப்பி உட்கார்ந்தார். கூடாரம் கட்டிடமாவது சின்ன மாற்றமில்லை. கூடாரத்தில் படம் ஜனங்களைத் தேடிப் போகிறது. கட்டிடத்தில் ஜனங்கள் படத்தைத் தேடி வரவேண்டும். வருவதற்கு அவர்கள் கையில் வாரக்கூலி என்று ஒன்று இருக்கவேண்டும், பொழுதுசாய ஓய்வு என்று ஒன்று இருக்கவேண்டும். ஆலைத் தொழில் இல்லாத கோவையில் வெரைட்டி ஹால் நிலைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இன்னொன்று மின்சாரம். வின்சென்ட் எஞ்சின் வைத்துத் தானே மின்சாரம் எடுத்தார். அதே மின்சாரத்தில் அச்சகமும் அரவை மில்லும் ஓட்டினார். படமும் மாவும் அச்செழுத்தும் ஒரே கம்பியிலிருந்து வந்திருக்கின்றன! 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் இறங்கி வந்தபின் பஞ்சாலைகள் மளமளவென்று பெருகின. பேசும்படமும் அதே சமயத்தில்தான் வந்தது. 1930களின் நடுவில் சென்ட்ரல் ஸ்டுடியோ கோவையிலேயே எழுந்தது. அதைத் தொடங்கியவர்களில் வின்சென்டும் உண்டு. 1947ல் எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' அங்கே எடுக்கப்பட்டதுதான், கருணாநிதி வசனத்தோடு. ஆலை, மின்சாரம், சினிமா, அரசியல் நான்கையும் தனித்தனி அத்தியாயமாக எழுதுகிற நம் உள்ளூர் வரலாற்றாசிரியர்கள் இந்தப் பின்னலை ஏனோ கண்டுகொள்வதில்லை.

பெயருக்கு வருவோம். 'வெரைட்டி' என்பது இங்கிலாந்தின் பாட்டு, ஆட்டம், வித்தை, நகைச்சுவை எல்லாம் கலந்த மேடை நிகழ்ச்சிக்கு வழங்கிய பெயர். ஊமைப்படக் காலத்தில் இந்தப் பெயர் பொருத்தமானதே. படம் அப்போது தனியாட்சி செய்யவில்லை. திரைக்கு முன்னால் ஆர்மோனியக்காரர் இருந்தார், கதையைச் சத்தம் போட்டுச் சொல்கிறவர் இருந்தார். ரீல் மாற்றுகிற இடைவெளியில் ஆட்டமும் குஸ்தியும் நடத்தினார்கள். ஆக, கொட்டகை என்பது பிறக்கும்போதே நிகழ்த்துகலை அரங்குதான். பேச்சு வந்ததும் திரை மேடையை விழுங்கியது. 1930களிலும் 40களிலும் தமிழ்நாட்டில் எத்தனையோ நாடகக் கொட்டகைகள் சினிமாக் கொட்டகைகளாயின. கம்பெனி நாடகத்தின் நடிகர்களும் பாட்டு வாத்தியார்களும் கதைகளும் அப்படியே திரைக்குள் குடிபோனார்கள். கல்கத்தாவில் பயனியர் கம்பெனியோடு சேர்ந்து வின்சென்ட் 1933ல் தயாரித்த 'வள்ளி திருமணம்' இதற்கு நல்ல சாட்சி. ஊர் ஊராய் மேடையில் ஓடிய நாடகம், டி.பி. ராஜலட்சுமி வள்ளியாக, படமாகி வசூலைக் குவித்தது. இந்தக் காலத்தைத் தோண்டி எடுத்துக் கொடுத்தவர் தியடோர் பாஸ்கரன். அவரும் நம் தாராபுரத்துக்காரர்தான் என்பதை இங்கே சொல்லிக்கொள்வதில் தப்பில்லை.

இனிதான் விஷயம். சினிமா வந்து மேடையைக் கெடுத்தது, இப்போது கொட்டகையை அரங்காக்கினால் கலைக்கு அதன் இடம் திரும்பக் கிடைக்கிறது என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய மேடைக்கு முன்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள்? சபைக் கச்சேரிக்கு யார் போனார்கள்? கோயில் மண்டபத்துச் சதிருக்கு எந்தத் தெருவரைக்கும் அனுமதி இருந்தது? கூத்தானாலும் ஊர்க்கூத்து தனி, சேரிக்கூத்து தனி. கா. சிவத்தம்பி 1981ல் எழுதிய நூலில் இதைத் தெளிவாகச் சுட்டிக்காட்டினார்: தமிழர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் நிகழ்த்துமிடம் சினிமாக் கொட்டகை, அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, டிக்கெட் வாங்குகிற சக்தி.

இதைப் புரட்சி என்று நான் கொண்டாடப் போவதில்லை. காசு ஒரு படிநிலையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தது. தரை, பெஞ்சு, நாற்காலி, சோபா. தரையில் யார் உட்கார்ந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் பழைய வரிசை ரொம்பவும் கலைந்துவிடவில்லை என்பதும் தெரியும். பெண்களுக்குத் தடுப்புச் சுவர் வைத்துத் தனிப்பக்கம். ஆனாலும் கொங்கு வட்டாரத்தைத் தெரிந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்த அதே ஊரில், டூரிங் டாக்கீஸ் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் தோளோடு தோள் உரச உட்கார்ந்து படம் பார்த்தார்கள். விளக்கணைந்த பிறகு யார் பக்கத்தில் யார் என்று பார்க்க முடியாது. 'ஏனுங்க, கொஞ்சம் நகந்து உக்காருங்க' என்று ஒரு பண்ணையாள் ஒரு கவுண்டரிடம் சொல்லிவிட முடிகிற இடம் அந்த மாவட்டத்தில் வேறு எத்தனை இருந்திருக்கும்? பஸ், ரயில், சினிமாக் கொட்டகை. கோயில் இல்லை, குளம் இல்லை, கிணறு இல்லை. ஐரோப்பிய சிந்தனையாளர்கள் காப்பிக்கடையில் பிறந்ததாகச் சொல்கிற பொதுவெளி, நமக்குக் காப்பிக்கடையில் பிறக்கவில்லை. நம் காப்பிக்கடைகளில் 'பிராமணாள்' என்று போர்டு தொங்கிற்று. நமக்கு அது அரைகுறையாக, இருட்டில், தரை டிக்கெட்டில் பிறந்தது.

கொட்டகையை அரங்காக்குவதன் தொழில்நுட்பத்தையும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் இதைப் பெயிண்ட் அடிக்கிற வேலையாக நினைக்கிறார்கள். பேசும்படத்துக்குக் கட்டிய கூடத்தில் ஒலி சுவரில் பட்டுத் திரும்பக்கூடாது. அதற்காகத் துளைப் பலகையும் துணியும் அடித்து ஒலியைக் கொன்றிருப்பார்கள். மைக் இல்லாத குரலுக்கும் வாத்தியத்துக்கும் நேர்மாறாக, ஒலி ஒரு கணம் கூடத்தில் தங்கவேண்டும். நாடகத்துக்கு மேடை ஆழம் வேண்டும், இரண்டு பக்கமும் ஒதுங்க இடம், ஒப்பனை அறை, படுதாவை ஏற்றி இறக்க மேலே உயரம். பிற்காலத்துக் கொட்டகைகளில் திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கிக்கு இரண்டடி, அப்புறம் சுவர். பார்வையும் வேறு: திரையை அண்ணாந்து பார்க்கலாம், ஆடுகிறவரின் பாதத்தை அப்படிப் பார்க்க முடியாது. ஆகவே எல்லாக் கொட்டகையும் அரங்காகாது. மேடையும் திரையும் சேர்ந்தே இருந்த ஆரம்பகாலக் கட்டிடங்கள்தான் எளிதாக மாறும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் 1925ல் கட்டிய கொட்டகை 1968ல் பவல் ஹால் என்ற பெயரில் சிம்பனி இசைக்கூடமாக முடிந்தது இதனால்தான். அந்தக் காலச் சினிமா மாளிகைகளில் படத்துக்கு முன் மேடை நிகழ்ச்சியும் உண்டு. வெரைட்டி ஹாலின் பெரிய அண்ணன்மார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது அதைவிட முக்கியம். கொட்டகை தரை டிக்கெட்டில் வாழ்ந்தது. கலை அரங்கு டிக்கெட்டில் வாழாது. அதற்கு ஒரு புரவலர் வேண்டும். யார் புரவலரோ அவருடைய நினைவுதான் மீட்கப்படும். பம்பாய் ராயல் ஆப்பரா ஹவுஸை எடுத்துக்கொள்வோம். 1911ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வேலை முடியாத நிலையிலேயே திறந்துவைத்தார். பால கந்தர்வா பாடியிருக்கிறார், பிருத்விராஜ் கபூர் நாடகம் போட்டிருக்கிறார். 1930களில் அது சினிமாக் கொட்டகையாயிற்று. 1952ல் கோண்டல் மகாராஜா வாங்கினார். கூட்டம் குறைந்து 1993ல் மூடினார்கள். கட்டிடக் கலைஞர் ஆபா நாராயண் லம்பாவின் பொறுப்பில் பழைய பரோக் அலங்காரம் துலக்கப்பட்டு, 2016ல் அரங்காகத் திறந்தது. மறுவருஷம் யுனெஸ்கோ விருது. வேலை நேர்த்தியானது, சந்தேகமில்லை. ஆனால் எந்த வருஷத்துக்கு மீட்டார்கள் என்று கேளுங்கள். 1911க்கு. இந்திப் படம் பார்க்க கிர்காம் வட்டாரத்து ஜனங்கள் முண்டியடித்த சுமார் 60 வருஷம் அங்கே அழுக்கு என்று கருதிச் சுரண்டியெடுக்கப்பட்டது. மேலே படிந்த சுண்ணாம்போடு சேர்ந்து அவர்களும் போனார்கள்.

கொழும்பு மருதானையில் டவர் ஹால் வேறு மாதிரி. அதுவும் 1911தான். பார்சி நாடகக் கம்பெனிகளின் தாக்கத்தில் பிறந்த நூர்த்தி என்கிற சிங்கள இசை நாடகத்தின் தலைமைப் பீடம். பேசும்படம் வந்ததும் அது சினிமாக் கொட்டகையாயிற்று, நம்மூர்க் கதைதான். 1978ல் பிரேமதாச முன்னின்று அதற்கென்று சட்டம் போட்டு, அறக்கட்டளை வைத்து, மேடையை மீட்டுக் கொடுத்தார். வயதான நாடகக் கலைஞர்களுக்கு அதனால் ஆதரவு கிடைத்தது. ஒரு மூன்றாம் உலக அரசு ஜனரஞ்சக நாடகத்துக்கு இவ்வளவு செய்தது அரிது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஜான் டி சில்வா முதலானோரின் நாடகங்கள் கட்டியெழுப்பிய சிங்கள பௌத்தப் பெருமிதமும் அதே மேடையில் ஏற்றிவைக்கப்பட்டது. அதே ஆட்சியில்தான் 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. ஒரு கையால் மீட்கிற அரசு இன்னொரு கையால் என்ன செய்கிறது என்று பார்க்காமல் பாரம்பரியம் பற்றிப் பேச முடியாது.

அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டரைச் சொல்லாமல் விட மனமில்லை. 1929ல் திறந்தது. 1974ல் தொலைபேசிக் கம்பெனி ஒன்று இடிக்கப் பார்த்தபோது ஊர் திரண்டு காப்பாற்றியது. இன்று பெரிய நிகழ்ச்சி அரங்கு. அந்தக் கட்டிடத்தில் கறுப்பினத்தவருக்குத் தனி டிக்கெட் ஜன்னல், உச்சி கேலரிக்குப் போகத் தனிப் படிக்கட்டு, அதுவும் கட்டிடத்துக்கு வெளிப்புறமாக. படிக்கட்டு பாரம்பரியமா இல்லையா? இடித்தால் நிறவெறியின் தடயம் மறைகிறது. வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமலிருந்தால் அது வெறும் அழகான படிக்கட்டு. நம் கொட்டகைகளில் பெண்கள் பக்கத்துத் தடுப்புச் சுவரையும் தரைக்கென்று இருந்த தனிச் சந்து வாசலையும் இந்தக் கண்ணோடு பார்க்க நாம் பழகவே இல்லை.

கொங்கு நாட்டில் கொட்டகை மூடினால் என்ன ஆகிறது? கிடங்கு ஆகும், வணிக வளாகம் ஆகும். இன்னொன்று கல்யாண மண்டபம். உண்மையில் நம் வட்டாரத்தின் நிகழ்த்துகலை அரங்கு இன்றைக்கு அதுதான். நாதஸ்வரம், மெல்லிசை, பட்டிமன்றம், கட்சிக் கூட்டம், கும்மி அரங்கேற்றம் எல்லாம் அங்கேதான். பல மண்டபங்கள் ஏதோ ஒரு சமூகத்தின் பெயரில், அந்தச் சமூகத்தின் அறக்கட்டளைக்குச் சொந்தமாக நிற்கின்றன. டிக்கெட் இல்லை, அழைப்பிதழ்தான். காசு கொடுத்தால் யாரும் உள்ளே வரலாம் என்கிற அந்தக் கேவலமான, அருமையான விதி அங்கே செல்லாது.

வள்ளியையே பாருங்கள். குறத்தியை முருகன் கட்டுகிற கதை. 1933ல் அதைக் காசு கொடுத்த எவரும் பார்த்தார்கள். இன்று கொங்கு வட்டாரத்தில் வள்ளி கும்மி பெரிய எழுச்சி. மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டியின் பத்ரப்பனுக்கு 2024ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெண்களை ஆடவைத்தவர் என்பதற்காகவும் அது அவருக்குத் தகும். ஆனால் அதே கும்மியின் பெயரால், 2020களில், வேறொரு நிகழ்ச்சியில் ஆடவந்த பெண்களைச் சொந்தச் சாதியில்தான் கட்டிக்கொள்வோம் என்று உறுதிமொழி எடுக்கவைத்த காட்சி வெளியே வந்து சர்ச்சையானது. சாதி மீறிய கல்யாணத்தைப் பாடிவிட்டு, சாதிக்குள் கல்யாணம் என்று சத்தியம்! கொட்டகையில் இது நடக்காது. அங்கே பார்வையாளரிடம் சத்தியம் வாங்க முடியாது, இருட்டில் யார் எந்தச் சாதி என்றே தெரியாது.

ஆகவே கோவையில் மிச்சமிருக்கிற ஏதோ ஒரு பழைய கொட்டகையை நாளை யாராவது அரங்காக்க முன்வந்தால், அது நடக்கட்டும் என்றுதான் நானும் சொல்வேன். சாந்துக்கு எந்தச் சுண்ணாம்பு என்று கேட்கிற ஆட்கள் நிறைய இருப்பார்கள். நாம் கேட்கவேண்டியது வேறு: மிகக் குறைந்த டிக்கெட் எவ்வளவு, எத்தனை இருக்கை அந்த விலையில், அது எந்த வாசல் வழியாக. உடுக்கடிப் பாட்டுக்காரருக்கும் பறைக்குழுவுக்கும் வருஷத்தில் எத்தனை நாள், யார் தேதி ஒதுக்குவது. வாரத்தில் ஒரு நாளாவது அங்கே படம் ஓடுமா?