ககோஷிமாவில் ஒரு நட்பு

பிறந்து வளர்ந்த ஊரில் நண்பரைப் பெறுவது எளிது. பள்ளியும் கோவிலும் சந்தையும் அதற்கு வழி செய்து கொடுக்கின்றன. மொழி தெரியாத, முகம் தெரியாத, உணவும் உடையும் வணக்கம் சொல்லும் முறையும் வேறான ஒரு நகரத்திலே தனித்து நிற்கும் மனிதன் நட்பைப் பெறுவது எங்ஙனம்?

இவ்வினா நம் மலைநாட்டு இல்லங்களிலும் இன்று எழத்தான் செய்கிறது. கட்டபெட்டிலும் அதனைச் சூழ்ந்துள்ள ஹட்டிகளிலும் வளரும் பிள்ளைகளுக்குக் குன்னூரும் கோவையும் தூர தேசமாயிருந்த காலம் மறைந்துவிட்டது. இந்திய அரசும் ஜப்பானிய அரசும் 2021 ஜனவரியில் செய்துகொண்ட உடன்பாடு, முதியோர் பராமரிப்பு, வேளாண்மை, கட்டட வேலை போன்ற துறைகளில் தேர்ச்சி பெற்ற நம் நாட்டு இளைஞர் அங்கே சென்று பணிபுரிய வாயிலைத் திறந்திருக்கிறது. “அந்த ஊரில் என் பிள்ளைக்கு யார் துணை?” என்று தாய் கலங்குவது இயல்பே. அத்தாயின் கலக்கத்தைச் சிறிது தணிக்கவல்ல வரலாறொன்றை ஈண்டுக் கூற விழைகிறோம். அது நடந்து 470 ஆண்டுகளுக்கு மேலாகின்றது. எனினும் அதன் பொருள் பழையதாகிவிடவில்லை.

முத்துக்குளித்துறையிலிருந்து

புனித பிரான்சிஸ் சவேரியாரை அறியாத தமிழ்க் கத்தோலிக்கர் இலர். 1542-ஆம் ஆண்டு அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழில் ஒரு சொல்லும் அறியார். இரு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி, செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியேந்தித் தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியோரையும் அழைத்தார். அயலார் மொழியின் முன் குழந்தையாக நிற்கும் பணிவை நம் கடற்கரையிலேயே அவர் பயின்றார் என்று சொன்னால் மிகையாகாது.

1547 டிசம்பரில் மலாக்கா நகரில் அஞ்சிரோ என்னும் ஜப்பானியர் அவரைத் தேடி வந்தார். கொலைக் குற்றத்திற்காளாகி, போர்த்துக்கீசியக் கப்பலேறித் தாயகம் விட்டு ஓடிவந்தவர் அவர். நெஞ்சில் அமைதியின்றித் தவித்த அவருக்குச் சவேரியார் ஆறுதலானார். மறு ஆண்டு கோவாவில் அஞ்சிரோ திருமுழுக்குப் பெற்றார். உம் நாட்டார் நம் போதனையை ஏற்பார்களா என்று சவேரியார் அவரிடம் வினவினார். உடனே ஏற்க மாட்டார்கள் என்றார் அஞ்சிரோ. முதலில் பல கேள்விகள் கேட்பார்கள். மறுமொழிகளை நிறுத்துப் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாயில் வரும் சொல்லும் வாழும் வாழ்வும் ஒத்திருக்கின்றனவா என்று நோக்குவார்கள் என்பதே அவர் கூறியதன் கருத்து. புது ஊரில் காலடி வைக்கும் எவருக்கும் இதனினும் சிறந்த அறிவுரை வேண்டுவதில்லை.

ஊமைச் சிலைகள்

1549 ஆகஸ்டு 15, தேவமாதா விண்ணேற்புத் திருநாளன்று, சவேரியார் ஜப்பானின் தென்கோடியிலுள்ள ககோஷிமா நகரில் கரையிறங்கினார். அஞ்சிரோவின் சொந்த ஊர் அது. எதிரே வளைகுடாவின் நடுவே சகுராஜிமா எரிமலை நின்றது. கோஸ்மே தெ தோரஸ் என்னும் குருவும், யுவான் பெர்னாண்டஸ் என்னும் சகோதரரும், பணியாளர் சிலரும் உடன் வந்தனர். ஆயினும் மொழியற்றவன் கூட்டத்தின் நடுவிலும் தனியனே. அந்நாளில் எழுதிய மடலிலே, மக்கள் தம்மைப் பற்றி ஓயாது பேசிக்கொள்ளத் தாமோ ஒன்றும் விளங்காமல் சிலைகளைப் போல் நிற்பதாகவும், சிறு பிள்ளைகளைப் போல் மொழி கற்க வேண்டியிருப்பதாகவும் அவர் தெரிவித்தார்.

அந்நகரில் சிமாசு குலத்தாரின் ஆதரவு பெற்ற புகுஷோஜி என்னும் பெரிய சென் பௌத்த மடம் இருந்தது. அதன் தலைவர் நின்ஷித்சு. அகவை ஏறத்தாழ 80. கல்வியாலும் ஒழுக்கத்தாலும் ஊரார் போற்றிய முதியவர். சவேரியார் அவரை நாடிச் சென்று பன்முறை உரையாடினார். ஆன்மா அழியாததா, உடலோடு மாய்வதா என்பதே அவ்வுரையாடல்களில் பெரிய வினா. முதியவர் ஒருகால் அழியாது என்பார். பிறிதொருகால் அழியும் என்பார். முடிவாக ஒன்றும் சொல்லார். இந்த முடிவின்மையைக் குறிப்பிட்ட சவேரியார், அம்முதியவர் தம்மீது கொண்ட நட்பு வியக்கத்தக்கது என்றும் அதே மடலில் எழுதினார்.

இங்கே வாசகர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். புத்தத் துறவியர் பலருடைய ஒழுக்கக் கேடுகளை அம்மடலிலேயே சவேரியார் கடுமையாகச் சாடுகின்றார். அவர்தம் கொள்கையையும் அவர் ஏற்கவில்லை. ஆயினும் ஒரு கூட்டத்தைப் பற்றிய தம் தீர்ப்பை அக்கூட்டத்தைச் சேர்ந்த ஒரு மனிதர்மேல் அப்படியே ஏற்றிவிடவில்லை. நின்ஷித்சுவை நின்ஷித்சுவாகவே கண்டார்.

துறைமுகம் எது?

பின்னாளில் ஜப்பானில் உழைத்த சேசு சபைக் குரு லூயிஸ் புரோயிஸ் எழுதிய வரலாற்றில் இந்நட்பைப் பற்றிய இரு செய்திகள் காணப்படுகின்றன. தியான மண்டபத்தில் வரிசையாக அமர்ந்திருந்த துறவியரைக் கண்ட சவேரியார், இவர்கள் என்ன செய்கின்றனர் என்று கேட்டாராம். சென்ற மாதங்களில் வந்த காணிக்கையைச் சிலர் கணக்கிடுகின்றனர். நல்ல உடைக்கு வழி தேடுகின்றனர் சிலர். பொழுதுபோக்கை எண்ணுகின்றனர் மற்றுஞ் சிலர். பயனுள்ளதை எண்ணுவார் ஒருவரும் இலர் என்று முதியவர் நகைத்தாராம். தம் வீட்டுக் குறையை அயலான் முன் சிரித்துக்கொண்டே சொல்லும் துணிவு, நம்பிக்கை பிறந்த பின்னரே வருவது.

மற்றொரு முறை, இளமை இனிதா முதுமை இனிதா என்று சவேரியார் வினவ, நோயற்று நினைத்ததைச் செய்யவல்ல இளமையே இனிது என்றார் முதியவர். நடுக்கடலில் புயலில் அலையும் பயணி, துறைமுகம் கண்ணுக்குத் தெரியும்போதன்றோ மகிழ்வான் என்று சவேரியார் கேட்டார். நின்ஷித்சு அதனை ஒப்புக்கொண்டார். ஆனால், செல்ல வேண்டிய துறைமுகம் எது என்பதையே தாம் இன்னும் துணியவில்லையே என்றார். எண்பது வயதுத் தலைவர் ஒருவர், தம் உள்ளத்தின் ஐயத்தை அந்நியர் ஒருவரிடம் இவ்வாறு திறந்து வைத்தார். அறிவுரை கூற எத்தனையோ பேர் கிடைப்பர்; ஐயத்தைச் சொல்லி இளைப்பாற நண்பன் ஒருவனே இடம்.

நின்ஷித்சு தம் மடத்தையும் சமயத்தையும் விட்டு வரவில்லை. 1550-இல் சவேரியார் ககோஷிமாவை நீங்கினார். 1551 நவம்பரில் ஜப்பானையே நீங்கினார். 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கடற்கரையருகே சான்சியன் தீவில் உயிர் நீத்தார். ஆத்துமங்களைத் தேடிச் சென்றவருக்கு இந்நட்பு தோல்வியா? நாம் அவ்வாறு கருதவில்லை. தூண்டிலில் மாட்டிய இரையாக நட்பைக் காட்டுபவனை மக்கள் விரைவில் அறிந்துகொள்வர். சவேரியார் தம் நம்பிக்கையை மறைக்கவுமில்லை; முதியவர் தம் ஐயத்தை மறைக்கவுமில்லை. மறைவற்ற அந்த வெளியிலேதான் நட்பு வேரூன்றிற்று.

மொழிபெயர்ப்பில் இடறல்களும் நேர்ந்தன. கடவுளைக் குறிக்க அஞ்சிரோ தந்த ‘தைனிச்சி’ என்னும் சொல் ஒரு புத்தரின் திருப்பெயர் என்பது பின்னரே தெரியவந்தது. உடனே அச்சொல்லை விடுத்து ‘தேயுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லைச் சவேரியார் கையாண்டார். சொல் தவறினும் திருத்திக்கொள்ளலாம்; உள்ளம் தவறினால் திருத்துவது அரிது.

பயணம் போகும் பிள்ளைகளுக்கு

புகுஷோஜி மடம் 1869-இல், பௌத்தத்திற்கெதிரான கொந்தளிப்பின்போது அழிக்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் ஒரு பள்ளிக்கூடம் நடைபெறுகிறது. சிமாசு குலத்தாரின் கல்லறைகள் அருகே எஞ்சியுள்ளன. சவேரியார் பெயரால் ஒரு பூங்காவும் அந்நகரில் உண்டு. இன்னொன்று நம் மலைமக்களை மகிழ்விக்கும்: ககோஷிமா மாநிலம் இன்று ஜப்பானின் பெரிய தேயிலை நாடுகளுள் ஒன்று. நம் கருந்தேநீர் அன்று. ஆவியில் வாட்டி உலர்த்திய பச்சைத் தேநீர். பாலும் சர்க்கரையும் சேர்ப்பதில்லை. இரண்டிலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளப் பழகிய வீட்டுப் பிள்ளைக்கு அங்கே பேச்சைத் தொடங்க வேறு பொருளும் வேண்டுமோ?

ஆகவே அயல்நாடு செல்லும் மக்களே, அந்நாட்டு மொழியில் நாலு சொல்லேனும் கற்றுச் செல்லுங்கள். தப்பாகப் பேச நாணாதீர்கள். வாயிலில் காலணியைக் கழற்றுவதும், தொடர்வண்டியில் அமைதி காப்பதும், குறித்த நேரத்துக்கு முன்னே வந்து நிற்பதும் அங்கே பிறர்க்குக் காட்டும் மதிப்பு. முதல் நாளே நெருக்கத்தை எதிர்பாராதீர்கள். கேளுங்கள், பொறுத்துக் கேளுங்கள். உங்கள் நம்பிக்கையை வினவினால் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர்கள் நம்பிக்கையை இகழாதீர்கள்.

பயணம் போகாத நமக்கும் இதில் பங்குண்டு. சார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து நம் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் மக்கள் சந்தை நாளில் கடைத்தெருவில் நிற்கின்றனர். நாம் அவர்களைப் பற்றிப் பேசுகிறோம். அவர்களோ மொழியறியாமல் சிலைகளைப் போல் நிற்கின்றனர். நம் பிள்ளைக்கு அயலூரில் ஒரு நின்ஷித்சு கிடைக்க வேண்டுமென்று மன்றாடும் பெற்றோர், இங்கே வந்திருக்கும் பிறர் பிள்ளைக்குத் தாமே நின்ஷித்சுவாக விளங்கக் கடவர். பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், ஒரு குவளைத் தேநீர் கொடுங்கள். அதற்குக் கப்பலேறிக் கடல் கடக்க வேண்டியதில்லை.