பழைய மின்சாரக் கார்: பெயிண்டைப் பார்க்காதீர், பேட்டரியைப் பாருங்கள்!

பருப்பு மூட்டை வந்தால் குத்தூசி போட்டுச் சாம்பிள் பார்க்காமல் நாம் இறக்குவதில்லை. ஆனால் செகண்ட் ஹேண்ட் மின்சாரக் கார் என்றால் மட்டும் பெயிண்டையும் டயரையும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். இந்த வண்டியில் பெரும் பணம் பேட்டரியில் இருக்கிறது. அது கெட்டிருந்தால் மலிவாக வாங்கியதும் நஷ்டமே.

உதாரணத்திற்கு டாடா நெக்ஸான் இ.வி.யை எடுத்துக்கொள்வோம். 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்தபோது அதன் பேட்டரி 30.2 யூனிட் கொள்ளளவு கொண்டது. முழு சார்ஜுக்கு 312 கி.மீ. என்று அறிவித்தது சோதனைக்கூட அளவு. ஏ.சி. போட்டுச் சாலையில் ஓட்டினால் புது வண்டியே அவ்வளவு ஓடாது.

எனவே நாமே எடை போட்டுப் பார்ப்போம். மீட்டரில் 90 சதவீதம் இருக்கும்போது கிளம்பி, நாம் வழக்கமாகப் போகும் வேகத்தில் 50 கி.மீ. ஓட்டுங்கள். 65-க்கு இறங்கினால், 25 சதவீதத்துக்கு 50 கி.மீ.; முழு சார்ஜுக்கு ஏறத்தாழ 200. நமது தினசரி ஓட்டத்துக்கு அது போதுமா என்பதே கேள்வி. கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பேட்டரியைச் சோதித்து, ரிப்போர்ட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் காரின் பேட்டரிக்கு வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அது. 2020-இல் வாங்கிய வண்டிக்கு 2028-இல் முடிந்துவிடும். மிச்சமுள்ள காலம் நம் பெயருக்கு மாறுமா என்பதை விற்பவர் வாயால் கேட்டால் போதாது. கம்பெனியிடமே உறுதி செய்யுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் ஏராளமான வாகனங்கள் தண்ணீரில் நின்றன. இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தைப் பார்க்காமல் கைநீட்ட வேண்டாம். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்று வந்த பிறகே பணம்.

வரியிலும் கவனம் தேவை. பதிவு பெற்ற வியாபாரி விற்கும் பழைய மின்சார வாகனத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று 2024 டிசம்பரில் கவுன்சில் முடிவு செய்தது. ஆனால் அது அவருடைய லாபத்தின் மீது மட்டுமே. முழு விலைக்கு அல்ல. பதிவு பெறாத தனிநபரிடம் வாங்கினால் இந்த வரியே இல்லை. முழு விலைக்கும் வரி போட்டு பில் நீட்டினால் காரணம் கேளுங்கள்.

ஆழம் அறியாமல் காலை விட வேண்டாம். ஒரு நாள் தாமதமானாலும் சோதித்து வாங்குவதே வியாபாரிக்கு அழகு.