சிவப்பு முக்கோணமும் செயற்கைச் சிரிப்பும்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் தீட்டும் வேலை இன்று மும்முரமாக நடைபெறுகிறது. முன்பு தூரிகை பிடித்தோர் நாள் கணக்கில் செய்ததை இன்று யந்திரம் இமைப்பொழுதில் செய்து நீட்டுகிறது. கூடாதென்று கூறவில்லை நாம். தீட்டுவது எதனை? எந்த ஆதாரத்தின் மீது? கேட்பது இதைத்தான்.

ஆஷ்விட்ஸ்! நாஜிகள் நடத்திய கொலைக்களம். 1942 டிசம்பரில் அங்கே இழுத்து வரப்பட்டாள் செஸ்லாவா குவோக்கா என்ற போலந்துச் சிறுமி. வயது 14. அவளைப் படமெடுத்த வில்ஹெல்ம் பிராஸேயும் ஒரு கைதிதான். காவல்காரி ஒருத்தி அவளைத் தடியால் அடித்தாள். கண்ணீரையும் உதட்டு இரத்தத்தையும் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள் சிறுமி என்று பின்னாளில் அவரே சொன்னார். 1943 மார்ச்சில் அவள் உயிரோடில்லை.

அந்தப் படத்துக்கு பிரேசில் நாட்டு ஓவியர் மரினா அமரால் வண்ணம் தீட்டினார். 2018-இல் உலகம் அதைப் பார்த்தது. கறையாகக் கிடந்தது காயமாகச் சிவந்தது! மார்பில் இருந்த முக்கோணமும் சிவந்தது. விருப்பம்போல் பூசிய சிவப்பா அது? இல்லை. அரசியல் கைதிக்கு நாஜிகள் தைத்துவிட்ட அடையாளமே சிவப்பு முக்கோணந்தான். பதினான்கு வயதுப் பிஞ்சு, அரசியல் கைதியாம்!

கம்போடியாவில் நடந்ததோ வேறு. துவோல் ஸ்லெங், பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம். 1975 முதல் 1979 வரை ஆண்ட பொல்பாட் கூட்டம் அதனைச் சிறையாக்கி, 12,000-க்கும் மேற்பட்டோரை அடைத்து அழித்தது. அடைத்தவர்களைப் படமும் எடுத்து வைத்தது. 2021 ஏப்ரலில் ஒருவர் அப்படங்களுக்கு வண்ணம் பூச, மேல்நாட்டு ஏடொன்று வெளியிட்டது. வண்ணத்தோடு நின்றாரா? சிலர் முகத்தில் சிரிப்பையும் ஒட்டிவிட்டார்! சாவின் வாசலில் நிறுத்தப்பட்டவன் சிரித்தானாம்! மாண்டவர்களின் உறவினர் கொதித்தனர். கம்போடிய அரசின் பண்பாட்டுத் துறை கண்டித்தது. ஏடு படங்களை நீக்கிக்கொண்டது.

இது மனிதன் செய்த புரட்டு. யந்திரம் புரட்டாது, ஊகிக்கும். தனக்குக் காட்டப்பட்ட இலட்சக்கணக்கான படங்களைக் கொண்டு, வானம் நீலமாயிருக்கும், புல் பச்சையாயிருக்கும் என்று நிரப்பும். சட்டையின் நிறம் அதற்கெப்படித் தெரியும்? சிவப்பொளியை உணராத பழைய வகைப் படச்சுருளில் சிவப்பும் கறுப்பாகவே பதியும். அத்தகைய சுருளில் பிடித்த நமது இருவண்ணக் கொடி, யந்திரத்தின் கண்ணுக்கு ஏதோ ஒரு இருண்ட துணி! கருஞ்சட்டைக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை.

நமது மன்றங்களிலும் படிப்பகங்களிலும் 1953 மும்முனைப் போராட்டப் படங்கள், 1965 மொழிப்போர்ப் படங்கள் தொங்குகின்றன. வண்ணம் தீட்டக் கொடுக்கும் தோழர்களே, மூலப்படத்தை முதலில் பத்திரப்படுத்துங்கள். அன்று ஊர்வலத்தில் நடந்த முதியவர் எவரேனும் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். அவரை நாடிச் சென்று, கொடி, துண்டு, பதாகை, எது எந்த நிறம் என்று கேட்டு எழுதி வாருங்கள். தீட்டியவர் பெயரையும் தீட்டிய ஆண்டையும் படத்தின் அடியில் குறித்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள்.